கடிகாரச் சுத்தியலில் சுற்றிய துணி

ஆஸ்பத்திரிக் கூடத்தில் புதிதாக மாட்டியிருக்கிற பெரிய கடிகாரம் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மணியடிக்காமல் 'தொப்பு, தொப்பு' என்று முனகுகிறதாம். கம்பவுண்டர் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தாராம். மணியைத் தட்டுகிற சின்னச் சுத்தியலில் யாரோ துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்ததாம். யார் செய்த வேலை என்று விசாரணை நடக்கிறது. தோட்டக்காரனைக் கூப்பிட்டு மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள். பாவம், அவனை விட்டுவிடுங்கள். சுற்றினவன் நான்தான். இந்த ஆஸ்பத்திரியில் ஆயுசில் பாதியைப் புண் கழுவுவதிலும் கட்டுக் கட்டுவதிலும் கழித்துவிட்டு, போன வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்ட டிரஸ்ஸர் ஞானதிரவியம். கட்டுக் கட்டுகிறவன் துணி சுற்றினதில் என்ன அதிசயம்?

நேற்று சாமுவேல் வீடு தேடி வந்தான். எனக்குப் பிறகு டிரஸ்ஸராக வந்த பையன், நல்லவன்தான்.

"என்ன பெரியவரே, இப்படிச் செஞ்சிட்டிய? மணி அடிச்சாத்தானே நோயாளிக்கு நேரம் தெரியும்?" என்றான்.

"நேரம் தெரிஞ்சு அவன் எந்த ரயிலைப் பிடிக்கப் போகுதான்லே?" என்று கேட்டேன்.

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "காரணத்தையாவது எழுதிக் கொடுங்க. நாங்க படிச்சுக்கிடுதோம்" என்றான். அதனால் எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தக் கடிகாரத்துக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு பண்ணையாரின் பெயர். அவர் கொடுத்த தர்மம். மாட்டின அன்றைக்கு வாசலில் பேண்டு வாத்தியம் என்ன, மாலை என்ன! உள்ளே வயிற்றுக் கட்டி அறுத்துப் போட்டிருந்த ஒருத்தன் காதைப் பொத்திக்கொண்டு புரண்டான். அவனை யார் பார்த்தார்கள்? அந்தத் தகட்டில் உள்ள பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஏன் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. வெந்நீர் போடவும், கார்பாலிக் தண்ணீர் கலக்கவும், துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுருட்டவும் கற்றுக்கொண்டேன். அதெல்லாம் யாரும் கற்கக்கூடியது. காதால் வேலை பார்க்கலாம் என்று கற்றுக்கொண்டது எங்கள் டாக்டர் ஐயாவிடம்.

டாக்டர் ஐயா மதராஸில் படித்துவிட்டு வந்த தமிழ்க் கிறிஸ்தவர். குள்ளமான மனுஷர். வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். அவருக்கு இறங்கும். சாதாரணமாகப் பேசினால் நாம் நிம்மதியாக இருக்கலாம். மெல்லப் பேசினால் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைந்தால் மூட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நோயாளியின் நெஞ்சில் இடதுகை விரலை வைத்து வலதுகை விரலால் தட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு. காற்றிருக்கிற இடம் ஒரு மாதிரி பேசும், நீர் கோத்த இடம் வேறு மாதிரி பேசும். எங்களையும் தட்டிப் பார்க்கச் சொல்லுவார். முதல் மாதம் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. அதற்கப்புறம் சந்தையில் தேங்காயைத் தட்டினால்கூட நிமோனியா ஞாபகம் வந்தது.

மயக்கத்துக்குக் குளோரோபாரம் கொடுக்கிற நேரத்தில் அறைக்குள் யாரும் பேசக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். அது வந்த கதையைச் சொல்லவேண்டும். பனையிலிருந்து விழுந்து காலை நொறுக்கிக்கொண்ட ஒருத்தரைக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும். முகத்தில் துணியைப் போட்டு மருந்தைச் சொட்டுகிறோம். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்த ஆள் நிறுத்திவிட்டார். மூத்த டிரஸ்ஸர், அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, "இது தேறாத கேசு" என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான். காலை எடுத்தாயிற்று, புண்ணும் ஒழுங்காக ஆறுகிறது, காய்ச்சல் இல்லை. ஆனால் மனுஷர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு கஞ்சியைத் தொடமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால், "தேறாதுன்னு சொன்னாகளே, எதுக்குக் கஞ்சி?" என்கிறார். யார் சொன்னது, எங்கே சொன்னது, ஒன்றும் தெரியாது. காதில் விழுந்திருக்கிறது. அந்தக் குரல் உள்ளே உட்கார்ந்துகொண்டு அவரைத் தின்கிறது.

டாக்டர் ஐயா மூத்த டிரஸ்ஸரைக் கூப்பிட்டார். குரல் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. "தினமும் காலையில இவர் கட்டில்கிட்ட நின்னு, 'தேறிட்டீரு'ன்னு சொல்லும். வேற யார் சொன்னாலும் எடுபடாது. அதே குரல்தான் வேணும்" என்றார். மூத்த டிரஸ்ஸர் வெட்கத்தோடு தினமும் நின்று சொன்னார். கொஞ்ச நாளில் நோயாளி எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தார், கஞ்சி கேட்டார், மரக்கால் வைத்துக்கொண்டு வீட்டுக்கும் போனார். அன்றைக்கு டாக்டர் ஐயா சொன்னது என் மண்டையில் இன்னும் இருக்கிறது. "காதுதான் கடைசியில தூங்கும், முதல்ல முழிக்கும். அது முழிச்சிருக்க வரைக்கும் நம்ம வாயை மூடிக்கிட்டிருக்கணும்."

இதைப் புரிந்துகொள்ள மதராஸ் படிப்பு வேண்டாம். மனசு இருந்தால் போதும். அது இல்லாதவர்களைப் பற்றித்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

ஜெர்மன் சண்டை தொடங்கியிருந்த சமயம். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு வண்டியில் சுடலைமுத்துவைக் கொண்டுவந்தார்கள். அவர் தவில்காரர். கோயில் கொடைத் திருவிழாவில் வாசித்துக்கொண்டிருந்தபோது வண்டி ஆணி ஒன்று காலில் ஏறியிருக்கிறது. பிடுங்கிப் போட்டுவிட்டு, சாணிச் சாம்பலை அப்பிக்கொண்டு, விடிய விடிய வாசித்திருக்கிறார். புண் மேலுக்கு ஆறிவிட்டது. பிறகு ஒருநாள் வெற்றிலை போட வாயைத் திறந்தால் திறக்கவில்லை. டாக்டர் புஸ்தகத்தில் அந்த நோய்க்கு என்னவோ பெயர், எங்கள் பக்கத்தில் வாய்ப்பூட்டு. முதலில் தாடை பூட்டிக்கொள்ளும். பிறகு கழுத்து, முதுகு, வயிறு என்று ஒவ்வொன்றாக இறுகும். முகம் இழுத்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி இருக்கும். புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும். அதுதான் கொடுமை. இன்னொரு கொடுமையும் உண்டு. அந்த நோய்க்காரனுக்குச் சத்தம் காதோடு நிற்காது. ஒரு தட்டு விழுந்தால் போதும், உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும். கதவு கிறீச்சிட்டால் இழுக்கும். தெளிவாகச் சொன்னால், சத்தம்தான் அவனுக்கு அடி.

அப்படிப்பட்ட ஆளை எங்கே முதலில் கொண்டுபோனார்கள் தெரியுமா? பேயோட்டுகிற கோடாங்கியிடம். சுடலைமுத்துவின் மனைவி பேச்சியம்மாள்தான் அழுதுகொண்டே சொன்னாள்.

"உடுக்கு அடிக்க அடிக்கத் துள்ளுதாக ஐயா. பேய் ஆடுதுன்னு சொல்லி இன்னும் ஓங்கி ஓங்கி அடிச்சாக. சும்மா இருந்தா இவுகளும் சும்மா இருக்காக. அடிச்சா துள்ளுதாக. பேய்னுதானே நினைப்போம்?"

அவளை நான் குற்றம் சொல்லமாட்டேன். கண்ணால் கண்டதைத்தான் நம்பினாள். காசு வாங்கிக்கொண்டு காதருகில் உடுக்கை அடித்தவனைச் சொல்வேன். துடிக்கிறவனைப் பார்த்து ஆடுகிறான் என்று சொல்ல எவ்வளவு கல்நெஞ்சு வேண்டும்!

டாக்டர் ஐயா அவர் பக்கத்தில் மண்டியிட்டு, நெஞ்சில் விரலை வைத்து, பூவை வைக்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார். சுடலைமுத்து பூட்டின பல்லுக்கு நடுவே ஏதோ சொன்னார். நான் குனிந்து காது கொடுத்தேன். "ஐயா கை சுத்தமா விழுது" என்றார், தவில் அடியை மெச்சுகிற மாதிரி. டாக்டர் ஐயா சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு. அன்றைக்குச் சிரித்தார்.

பிறகு வேலை தொடங்கியது. சீரம் என்கிற ஊசி மருந்து மதராஸிலிருந்து வரவேண்டும். இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்ததால் கொஞ்சம்தான் கிடைத்தது. காலில் புண்ணைத் திறந்து, சாம்பலையும் அழுகலையும் வழித்தெடுத்துக் கழுவினோம். உறக்க மருந்து கொடுத்தோம். கடைசி அறையை ஒழித்து, ஜன்னலில் கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டோம். கதவுக் கீலுக்கு விளக்கெண்ணெய் விட்டோம். தகரக் குவளைகளுக்கெல்லாம் துணி சுற்றினோம். தரையில் கயிற்றுப்பாய் விரித்தோம். விழுந்துபோன ஒரு பல்லின் சந்து வழியாகக் குழாய் விட்டுப் பால் கொடுத்தோம். "முதல் வாரம் தாண்டிட்டா நம்பிக்கை உண்டு" என்றார் டாக்டர் ஐயா.

அறைக்குள் சரி. வெளியே? ஆஸ்பத்திரி இருக்கிறது திருச்செந்தூர் ரோட்டில். போகிற வருகிற வண்டிகள் எல்லாம் கடகடவென்று போகும். டாக்டர் ஐயா ரோட்டில் வைக்கோல் பரப்பச் சொன்னார், சக்கரச் சத்தம் கேட்காது என்று. பரப்பினோம். வண்டி மாடுகள் நல்ல காலம் பிறந்தது என்று நின்று மேய ஆரம்பித்துவிட்டன. மாட்டை அதட்டுகிற சத்தம் வண்டிச் சத்தத்துக்கு மேல் போய்விட்டது. அன்று மாலையே வைக்கோலை வாரிவிட்டு ஆற்று மணலைக் கொட்டினோம். மணலை மாடு தின்னவில்லை.

பேச்சியம்மாள் புருஷன் பக்கத்தில் இருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்தது. ஆனால் அவள் கை நிறையக் கண்ணாடி வளையல். கையை அசைத்தால் கலகலவென்னும், உடனே அவர் உடம்பு வெட்டும். நான் யோசிக்காமல் "வளையலைக் கழத்தி வையுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"தாலி கழுத்துல இருக்கையிலேயே வளையலைக் கழத்தச் சொல்லுதியளே, நாக்கு கூசலையா உமக்கு?"

"கழத்த வேண்டாம்மா. அது சத்தம் போடாம இருந்தாப் போதும்" என்று டாக்டர் ஐயா சொன்னார்.

அவள் புடவை முந்தியில் நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். ஒவ்வொரு வளையலாக உள்ளே வெளியே விட்டுப் பின்னி, மணிக்கட்டோடு சேர்த்துச் சுற்றிப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். இரண்டு கைக்கும் அப்படியே. கால் மெட்டிக்கும் ஒரு சுற்று. கையை உதறிப் பார்த்தாள், சத்தம் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சுடலைமுத்துவோடு ஜோடியாக வாசிக்கிற நாயனக்காரர் சங்கரலிங்கம். அவர் பார்க்க வந்தபோதுதான் எங்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவர் வராந்தாவில் நின்று, அழுகையை அடக்கமாட்டாமல், வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த சுருதியில் 'ம்' என்று முனக ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் நிறுத்தப் பார்த்தேன். டாக்டர் ஐயா என் தோளைப் பிடித்துக்கொண்டார். உள்ளே சுடலைமுத்துவின் உடம்பு இழுக்கவில்லை. விறைத்துக் கிடந்த வலதுகைச் சுண்டுவிரல் மட்டும் போர்வையின் மேல் லேசாக அசைந்துகொண்டிருந்தது. தாளம்!

டாக்டர் ஐயா வெளியே வந்து சொன்னார். "எல்லாச் சத்தமும் அடிக்கலை. திடீர்னு வாரதுதான் அடிக்குது. தெரிஞ்சு, பைய வாரது அடிக்காது."

அன்று முதல் புது முறை வந்தது. அறைக்குள் போகிறவர்கள் வாசலிலிருந்தே 'ம்' என்று தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வரவேண்டும். முனகலை நிறுத்தாமலே தொடவேண்டும், மருந்து கொடுக்கவேண்டும், அதே மாதிரி முனகிக்கொண்டே வெளியே போகவேண்டும். நாயனத்துக்குப் பக்கத்தில் ஒரே சுருதியில் ஒத்து ஊதுகிறவர் நிற்பார் அல்லவா, அந்த மாதிரி. ஆயுசில் யாருக்கும் ஒத்து ஊதாதவன் நான். சுடலைமுத்துவுக்கு ஊதினேன். டாக்டர் ஐயா ஊதினார். இழுப்பு குறைந்துகொண்டே வந்தது.

எங்கள் வேதக்கோயில் மணி ஒன்று பாக்கி இருந்தது. ஐயரிடம், அதாவது எங்கள் சபைக் குருவானவரிடம் போய், கொஞ்ச நாளைக்கு மணியடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். "ஆராதனை மணியை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை, ஞானதிரவியம்" என்றார். அதிகாரம்! நல்ல சமாரியனாக இருக்கவும் மேலிடத்து உத்தரவு வேண்டும் போலிருக்கிறது. நான் கோபத்தோடு வெளியே வந்தேன். மணியடிக்கிற கோயில்பிள்ளை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மணியின் நாக்கில் தன் துண்டைச் சுற்றிவிட்டுத்தான் கயிற்றை இழுத்தார். ஐயருக்கும் அது கேட்டிருக்கும். அவர் தடுக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

திருச்செந்தூருக்குக் காவடி போகிறவர்கள் கூட்டமாக வந்தார்கள். கோஷமும் உடுக்கையும் தூரத்திலேயே கேட்டது. நான் ஓடிப்போய்க் கும்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "அதுக்கென்ன அண்ணாச்சி, முருகனுக்கு மனசுல சொன்னாலும் கேக்கும்" என்றார். காவடியில் தொங்கின மணிகளை ஆளுக்கொரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வெறுங்காலோடு, ஆஸ்பத்திரி மதிலைத் தாண்டினார்கள். அவர்கள் பெயர் எந்தத் தகட்டிலும் இல்லை.

முதல் வாரம் தாண்டியது. தாடை ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் திறந்தது. ஒருநாள் காலையில் கரண்டியால் கொடுத்த கஞ்சியைச் சுடலைமுத்து தானே விழுங்கினார். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சத்தமில்லாமல் அழுதாள். அவர் முதலில் எடுத்த பேச்சு சங்கரலிங்கத்தைப் பற்றித்தான். "பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு வெத்திலை பாக்கு வாங்கியிருக்கோம். அவரைப் போகச் சொல்லும். வாக்குத் தவறக்கூடாது" என்றார்.

அந்த வாக்கு எப்படி முடிந்தது என்று கேளுங்கள்.

கல்யாணம் அதே நாள் மாலைதான். மாப்பிள்ளை ஊர்கோலம் எங்கள் ரோட்டு வழியாகத்தான் வரும் என்று தெரிந்ததும் சங்கரலிங்கம் முன்கூட்டியே வந்து என்னிடம் சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரி மதில் தொடங்குத இடத்துல நிறுத்திருவோம். அந்தப் புளியமரம் தாண்டித்தான் வாசிப்போம். நீரு பயப்படாதியும்." டாக்டர் ஐயா பண்ணையார் வீட்டுக்கும் முந்தின நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார். "ஆகட்டும்" என்று பதில் வந்தது. பெரிய மனுஷர்களின் 'ஆகட்டும்' தண்ணீரில் எழுதின எழுத்து என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

பொழுது சாய்கிற நேரம். நான் வாசலில் நின்றேன். டாக்டர் ஐயா உள்ளே சுடலைமுத்துவின் அருகில் உட்கார்ந்து 'ம்' என்று முனகிக்கொண்டிருந்தார். மேளம் தூரத்தில் கேட்டு, வளர்ந்து, மதில் தொடங்குகிற இடத்தில் சொன்னபடி நின்றது. சங்கரலிங்கம் நாயனத்தின் சீவாளியைக் கழற்றி வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டார். சீவாளி இல்லாவிட்டால் நாயனம் வெறும் மரம். அன்று மாற்றாக வந்த தவில்காரர் கையைத் தவிலின் மேல் அகல விரித்து வைத்துக்கொண்டு நடந்தார். ஊர்கோலம் மணலில் காலடிச் சத்தம்கூட இல்லாமல் வந்தது. பாதி மதில் தாண்டிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது.

பின்னால் வந்த குதிரை வண்டியிலிருந்து பண்ணையார் இறங்கி வேகமாக வந்தார்.

"ஏலே, எதுக்குலே மேளம் நின்னுச்சு? எழவு வீட்டுக்கா போறோம்?"

நான் போய்க் கும்பிட்டேன். "ஐயா, உள்ள ஒரு ஆளு வாய்ப்பூட்டுல கெடக்காரு. திடீர்னு சத்தம் கேட்டா உசிரு போயிரும். அந்தப் புளியமரம் வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. நேத்தே சொல்லி அனுப்பியிருந்தோம்."

"யாருவே அது?"

"தவில் சுடலைமுத்து, ஐயா."

"மேளக்காரனுக்காகவா எம் மவன் கல்யாணத்துல மேளம் நிக்குது?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் உடனே ஒத்து ஊதினார்கள். அந்த ஒத்துக்குச் சுருதியும் கிடையாது, வெட்கமும் கிடையாது. "மங்கள காரியத்துல மேளம் நின்னா சகுனத் தடை அண்ணாச்சி. ஊமை ஊர்கோலம் எந்த ஊர்ல உண்டு?"

பண்ணையார் சங்கரலிங்கத்தைப் பார்த்து, "ஊதுவே" என்றார்.

"சீவாளி கிழிஞ்சு போச்சு எசமான்."

"நாயனத்துல இன்னும் நாலஞ்சு தொங்குதே, அது என்ன?"

"எல்லாம் கிழிஞ்சு போச்சு எசமான்."

கல்யாணத்தில் அத்தனை பேருக்கு முன்னால், மாதம் தவறாமல் அந்த வீட்டு வாசலில் நின்று பிழைக்கிற மனுஷர், வாய்க்குள் ஒரு சீவாளியை அதக்கிக்கொண்டு இதைச் சொன்னார். பண்ணையார் முகம் கறுத்தது. திரும்பி, இரும்புக் குழாயில் வெடிமருந்து கெட்டித்து வேட்டுப் போடுகிறவனைக் கூப்பிட்டார்.

"வேட்டுச் சத்தத்துல எவன்வே செத்தான்? பேய் கீய் பிடிச்சிருந்தா அதுவும் ஓடிப்போகும். போடுலே, இங்கனயே போடு!"

நான் அவர் காலைப் பிடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை. அவர் காலை உதறிக்கொண்டார். முதல் வேட்டு மதிலுக்கு அடியில் வெடித்தது. ஆஸ்பத்திரிப் புறாக்கள் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பின. நான் உள்ளே ஓடினேன்.

சுடலைமுத்துவின் தலையும் குதிகாலும் மட்டும் பாயில் இருந்தன. நடு உடம்பு அந்தரத்தில் நின்றது. டாக்டர் ஐயா ஒரு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னும் 'ம்' என்று முனகிக்கொண்டிருந்தார். அது யார் காதில் விழும்? குளோரோபாரத் துணியை எடுக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். எடுப்பதற்குள் இரண்டாவது வேட்டு. தொண்டை பூட்டிக்கொண்டது. மூன்றாவது வேட்டுக்கு உடம்பு இறங்கவே இல்லை. முகம் நீலம் பாரித்தது. பிறகு எல்லாம் ஒரேயடியாகத் தளர்ந்தது. நெஞ்சை அமுக்கி அமுக்கி மூச்சு வரவழைக்கப் பார்த்தோம். விளக்கு ஏற்றுகிற வரை பார்த்தோம். வரவில்லை.

டாக்டர் ஐயா எழுந்து வெறுங்காலோடு வாசலுக்குப் போனார். ரோட்டில் நின்று கத்தினார். அந்த மனுஷரின் உரத்த குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "நீங்க ஒருத்தனைக் கொன்னுட்டுப் போறீங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். ஊர்கோலம் புளியமரம் தாண்டிவிட்டது. சங்கரலிங்கத்தை ஒதுக்கிவிட்டு வேறு யாரையோ ஊதச் சொல்லியிருந்தார்கள். மேளம் தூள் பறந்தது. ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதிகாரிகளிடம் முறையிட்டோம். வேட்டுப் போட அனுமதி வாங்கித்தானே போட்டார்கள், இதில் குற்றம் என்ன என்று கேட்டார்கள். எப்படியும் சாகிற நோய்தானே என்று ஊரில் சொன்னார்கள். இருக்கலாம். அந்த நோயில் பிழைத்தவர்கள் குறைவு. ஆனால் அன்றைக்குக் காலையில் அவர் கஞ்சி விழுங்கினார். அதை நான் பார்த்தேன். வேட்டுப் போடச் சொன்ன அதே கை கொடுத்த கடிகாரம், நான் துணி சுற்றுகிற வரைக்கும், கால் மணிக்கொரு தடவை நோயாளிகள் தலைக்கு மேல் 'டங், டங்' என்று அடித்தது, அதற்குப் பெயர் தர்மம். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்த பிறகும் அவள் அழவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் டாக்டர் ஐயாவைப் பார்த்து, அத்தனை நாள் பழகின அதே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இனி சத்தம் போடலாமா ஐயா?"

அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அந்தத் துணியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள், முதலில் ஒரு கை, பிறகு மறு கை. புருஷனின் காதருகில் கையைக் கொண்டுபோய் வளையல்களைக் குலுக்கினாள். முகத்தையே பார்த்தாள். இன்னொரு தடவை பலமாகக் குலுக்கினாள். அவர் அசையவில்லை.

"கேக்கலியா?" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அந்தச் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. யாரும் அவளை அடக்கச் சொல்லவில்லை.

சாமுவேலுக்கும் மற்றவர்களுக்கும் காரணம் இதுதான். கடிகாரத்தில் சுற்றின துணியை வேண்டுமானால் கழற்றிக்கொள்ளுங்கள். மறுபடியும் நாற்காலி போட்டு ஏறுகிற அளவுக்கு என் முழங்காலில் இன்னும் பலம் இருக்கிறது.